அம்புக்குறி போட்ட ஜாதகம்

பால் பாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. ஆட்டோவில் ஏறினால் மீட்டரையும் ஓட்டுநரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வருவேன். “உன்னைக் கட்டினதுக்கு ஒரு போலீஸ்காரியைக் கட்டியிருக்கலாம், அவளாவது டூட்டி முடிஞ்சா சும்மா இருப்பா” என்பார் என் கணவர். இந்தக் குணத்துக்காகவே எங்கள் சங்கத்தார் என்னைக் கூப்பிட்டு அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

ஜாதகம் காக்கும் வேலை. கொள்ளேகால், ஹனூர் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய கவலை பிள்ளைகளின் கல்யாணம்தான். உள்ளூரில் வரன் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் கேட்டால் “கர்நாடகாவா?” என்று இழுப்பார்கள். அதனால் சங்கமே மண்டி மொஹல்லாவில் ஒரு சாக்குக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, ஒரு கம்ப்யூட்டரும் போட்டு, ஜாதகங்களைச் சேர்த்து வைத்துப் பொருத்தம் பார்த்துச் சொல்லிவந்தது. கீழே சந்தில் ஸ்கூட்டர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கத்தும். மேலே நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு ஜாதகம் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். குடும்பத்தார் கொடுக்கும் தாளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பென்டிரைவில் நகல் கிடையாது, யாருக்கும் போனில் அனுப்புவதும் கிடையாது. கல்யாணம் முடிவானால் கம்ப்யூட்டரில் இருப்பதையும் அழித்துவிடுவோம். இதற்குக் காரணம் இருந்தது. முன்னொரு சமயம், நிச்சயம் முடிந்த ஒரு பெண்ணின் ஜாதகத்துக்கு இரண்டாவது நகல் ஒன்று எங்கோ சுற்றிக்கொண்டிருந்து, கடைசியில் மாப்பிள்ளையின் சித்தப்பா கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. “இன்னும் வேற எடம் பாக்கறீங்களா?” என்று அவர்கள் கேட்க, அந்தக் கல்யாணம் நூலிழையில் தப்பியது. அன்றிலிருந்து இரண்டாவது நகல் என்றாலே எங்களுக்குப் பாம்பு மாதிரி.

ஜாதகங்கள் கூடிப்போனதும் துணைக்கு ஒருத்தியை எடுத்தார்கள். ஹனூர்க்காரி. முப்பத்துநாலு வயது, அண்ணன் குடும்பத்தோடு மைசூரில் இருந்தாள், அப்பா அம்மா இல்லை. அதிகம் பேசமாட்டாள். விரல்கள் மட்டும் விசைப்பலகையில் மழை பெய்வதுபோல் ஓடும். நான் அரை நாளில் அடிப்பதை அவள் ஒரு காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். வேலையில் இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பவள் இந்தச் சின்னச் சம்பளத்துக்கு ஏன் வந்தாள் என்பதுதான் எனக்கு வந்த முதல் சந்தேகம்.

அவள் சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் அவள் பையைத் திறந்து பார்த்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பார்த்தேன். டிபன் டப்பா, குடை, பஸ் பாஸ். ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதி வரவில்லை. எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

இப்படி ஒன்றரை வருடம் போன பிறகு, ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் புதிதாக நாலு படங்கள் தெரிந்தன. நாலும் மாப்பிள்ளைகளின் ஜாதகங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. எனக்குக் கம்ப்யூட்டரில் திறக்க, அடிக்க, சேமிக்க, அச்செடுக்கத் தெரியும், அதோடு சரி. அம்புக்குறி போட்ட ஜாதகத்தை அதுவரை பார்த்ததில்லை. அம்பு வெளிப்பக்கம் பார்த்திருந்தது. ஆக, வெளியே போகிற ஜாதகம்.

அவள் வருவதற்குள் ஒன்றைச் சொடுக்கிப் பார்த்தேன். ஜாதகம் திறந்தது. பிறகு ஃபோல்டருக்குள் ஃபோல்டராக, ஆண், நட்சத்திரம், வருடம் என்று ஐந்து கதவு திறந்து போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே ஜாதகம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டாவது நகல்!

நாலு ஜாதகத்தையும் அச்செடுத்து வரிசையாக வைத்தேன். நாலுபேருக்கும் செவ்வாய் தோஷம். நாலுபேருக்கும் முப்பத்தைந்துக்கு மேல் வயது. செவ்வாய் உள்ள பெண்ணுக்குச் செவ்வாய் உள்ள மாப்பிள்ளையைத் தேடி அலைகிறவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஊரில் தனியாகத் தொழில் செய்கிற தரகர்கள் இந்த மாதிரி ஜாதகத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவார்கள். யாரோ ஒரு தரகருக்கு இவள் பொறுக்கிக் கொடுக்கிறாள் என்று முடிவு செய்தேன். தாள்களை நாலாகக் கிழித்துப் போட்டேன்.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். காத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாலில் ஒன்று மறைந்தது. அந்த வாரக் கடைசியில் பதிவேட்டில் அவள் கையெழுத்தில், அந்த வரனுக்கு நேராக, ‘வெளியில் முடிந்தது’ என்று இருந்தது. சில வாரம் கழித்து இன்னொன்று மறைந்தது. அதுவும் வெளியில் முடிந்தது. மூன்றாவதும் அப்படியே. செய்தி என் காதுக்கு வருவதற்கு முன்னால் திரையிலிருந்து அம்பு போய்விடுகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அப்போது அந்தப் பழமொழி நினைவுக்கு வரவில்லை. பேயைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

நாலாவது மட்டும் இருந்தது. கொள்ளேகால் குடும்பம். பையன் மாதேஸ்வரன் மலையில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சங்கத்தின் போன் அடித்தது. அவள் எடுத்தாள், முகம் மாறியது, போனோடு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள். “நோடோணம்மா, நோடோணா” என்று கன்னடத்தில் மெதுவாகச் சொல்வது மட்டும் கேட்டது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று யாருக்கு வாக்குக் கொடுக்கிறாள்? அவள் வீட்டுக்குப் போனதும் அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினேன். அதே கொள்ளேகால் வீடு. ஆக, என் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டாரோடு நேராகவே பேசுகிறாள்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வெளியே இருக்கும் அம்புக்குறி நகல் என் கண்ணெதிரிலேயே இருக்கிறது, அது எனக்குச் சாட்சி. உள்ளே இருப்பதிலிருந்துதான் இவள் மேலும் மேலும் நகல் எடுப்பாள். அதனால் ஐந்து கதவு திறந்து உள்ளே போய், அங்கிருந்த ஜாதகத்தை அழித்தேன். கிழித்த தாளை ஒட்டிப் படிக்கிறவர்கள் உண்டு என்பதால் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அவள் வந்து குடையை மாட்டக்கூட விடவில்லை.

“ஏம்மா, இந்த ஜாதகத்தை யாருக்குக் கொடுக்கறே?” என்று திரையைக் காட்டினேன்.

அவள் விழித்தாள். “யாருக்குங்க்கா?”

“அதைத்தானே நான் கேக்கறேன். உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. பாரு, இதோ” என்று சாட்சியைச் சொடுக்கினேன்.

ஜாதகம் வரவில்லை. அந்தக் கோப்பு இடம் மாறிவிட்டது அல்லது இல்லை, இந்தக் குறுக்குவழியை நீக்கிவிடலாமா என்று கம்ப்யூட்டர் என்னையே கேட்டது. மறுபடியும் சொடுக்கினேன். மறுபடியும் அதையே கேட்டது.

“உள்ள இருக்கறத என்ன பண்ணுனீங்க?” என்றாள் அவள். குரல் நடுங்கியது.

“அழிச்சேன்.”

“தொட்டியில இருக்குதுங்களா?”

“அதையும் காலி பண்ணியாச்சு.”

அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “இது நகல் இல்லீங்க்கா. இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. உள்ள இருக்கறதுக்கு இது வழி, அவ்வளவுதானுங்க. அஞ்சு ஃபோல்டர் தொறக்க வேண்டாம்னு ஷார்ட்கட் போட்டு வெச்சனுங்க. உள்ள இருக்கறது போச்சுன்னா எல்லாமே போச்சுங்க.”

ஆனாலும் பிடித்த பிடியை விட மனம் வரவில்லை. “அப்படி இந்த நாலு பேருக்கு மட்டும் வழி எதுக்கு? செவ்வாய் இருக்கறவங்களாப் பொறுக்கி?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ சாக்கு மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள்.

“எனக்குந்தான் செவ்வாய்ங்க” என்றாள்.

அவளே மெல்லச் சொன்னாள். “பொருத்தம் பாத்தனுங்க. நாலு பேருக்கு ஒத்து வந்துது. அண்ணங்கிட்டச் சொன்னா, இப்ப என்ன அவசரம்னு போயிரும். நம்ம ஜாதகத்த நாமளே தூக்கிட்டுப் போயி நீட்ட முடியுங்களா? அதான் எடுத்து முன்னாடி வெச்சனுங்க. யாராச்சும் கேப்பீங்கன்னு. ஒவ்வொருத்தர் வீட்டுலயிருந்தும் போன் பண்ணி முடிஞ்சுதுன்னு சொன்னாங்க, நானும் ஒவ்வொண்ணா எடுத்துட்டன். இவிங்க அம்மா நேத்து பேசுனாங்க. உங்ககிட்ட ஒண்ணும் அமையலீன்னா திங்கக்கெழமை சாமராஜநகர்ல ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்தர்றோம்னாங்க. பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லி வெச்சனுங்க.” என் பக்கம் திரும்பி, “என்னத் திருடின்னு நெனச்சீங்களா அக்கா?” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டால் அழிந்ததை மீட்டுக் கொடுப்பார் என்றாள். வெளியாள் உள்ளே நுழைந்து ஜாதகங்களைப் பார்ப்பதற்குச் சங்கத்தில் சம்மதம் வாங்கவே ஒரு மாதம் ஆகும். அன்றைக்குச் சனிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டிலேயே மறுபடி கேட்பதுதான் வழி. ஆனால் எங்கள் ஜனங்களிடம் ஜாதகம் கேட்பது கடையில் உப்பு கேட்பது போல் இல்லை. கேட்டால், கையில் பெண் இருக்கிறாள் என்று அர்த்தம். அடுத்த கேள்வியே ‘பெண் யார்?’ என்பதுதான். சொல்லிவிட்டு அது கூடவில்லை என்றால் இவள் பெயர் ஹனூர் வரைக்கும் போய்வரும்.

“பேசட்டுமா?” என்றேன்.

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எண்ணைப் போட்டேன். நான் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவேன், பிற்பாடு யாரும் பேச்சை மாற்றிவிடக்கூடாது. பையனின் அம்மா எடுத்தார். ஜாதகம் மறுபடி வேண்டும் என்றதுமே அவர் குரலிலும் என்னைப்போல் ஒரு போலீஸ்காரி வந்துவிட்டாள்.

“ஒருக்காக் குடுத்தத எதுக்குங்க மறுக்காக் கேக்கறீங்க? யாருக்காச்சும் குடுத்துட்டீங்களா?”

“இல்லீங்க. என் தப்பு. தேவையில்லாமச் சந்தேகப்பட்டு நான்தான் அழிச்சுட்டேன்.”

“சும்மா வெச்சுக்கறதுக்குக் கேக்கறீங்களா, பொண்ணு இருந்து கேக்கறீங்களா?”

“பொண்ணு இருக்கு.”

“யாருங்க?”

நான் அவளைப் பார்த்தேன். பிறகு வயதைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், செவ்வாய் இருப்பதைச் சொன்னேன். “எங்க ஆபீஸ்லதான் வேலை பாக்கறா. நேத்து உங்ககிட்டப் பேசினதும் அவதான்” என்றேன்.

“அந்தப் புள்ளைக்கு இது தெரியுங்களா? இல்ல, அழிச்சதுக்குப் பரிகாரமா நீங்களாச் சொல்றீங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போன் பக்கம் குனிந்தாள். “தெரியுங்கம்மா. ஆறு மாசமா நாந்தானுங்க எடுத்து வெச்சிருக்கறன்” என்றாள். காது வரைக்கும் சிவந்திருந்தாள், ஆனால் குரல் நடுங்கவில்லை.

அந்தம்மா, “செரி கண்ணு, நான் அனுப்பறன். உன்ற ஜாதகத்தையும் இப்பவே அனுப்பச் சொல்லு. பொருத்தம் பாத்துப்போட்டு, திங்கக்கெழமைக்கு முன்னாடி பேசறன்” என்று வைத்துவிட்டார்.

எனக்குப் பரபரப்பாகிவிட்டது. “எழுந்திரு, எழுந்திரு. உன் ஜாதகம் வீட்டிலே இருக்கா? ஆட்டோ பிடிச்சுப் போய் எடுத்துட்டு வா. அண்ணன் ஏதாவது சொன்னா போனை என்கிட்டக் கொடு” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. “இங்கதானுங்க்கா இருக்குது” என்று என் மேசை இழுப்பறையைக் காட்டினாள்.

சாவி போட்டுத் திறந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் சான்றிதழ்களோடு கொடுத்த பழுப்புக் கவர் அடியில் கிடந்தது. அன்றைக்குச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, முத்திரை அசல்தானா என்று பார்த்தவள் நான். அவற்றின் பின்னால் ஒரு தாள் மடித்திருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. இரண்டு வருடமாக நான் அதைப் பிரித்ததேயில்லை.

“சேரும்போதே குடுத்தனுங்க்கா” என்றாள். “பாப்பீங்கன்னு நெனச்சனுங்க.”

அவள் பையைத் துழாவிய கைதான் அந்தத் தாளைப் பிரித்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நான் அடிச்சா வேகமா ஆயிரும்க்கா என்று அவள் நாற்காலியை இழுத்தாள். வேண்டாம் என்றேன். பெயர், ஊர், நட்சத்திரம் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நானே அடித்தேன்.