வாயில் வராத மூச்சு

அகதியாக வந்து லா சப்பலில் நான் கோப்பை கழுவிய உணவகத்தில் மரக்கறி வெட்டியவர் அவர். ஒடுங்கிய தோள்கள், தூக்கம் போதாத கண்கள். காலையில் பழைய ஜப்பானிய வாள்கள் விற்கும் கடையொன்றைத் துப்புரவாக்குவார். அங்கே நின்று பார்த்தே வாள் பார்க்கப் பழகியிருந்தார். கைபேசிப் படத்தைப் பெரிதாக்கி எனக்கும் காட்டுவார்.

"அலகிலை இந்த வெள்ளைக் கோட்டைப் பாரும் தம்பி. அசிட்டாலை போட்டதெண்டா வெறும் வெள்ளை, அது போலி. நெருப்பிலை வந்ததெண்டா உள்ளுக்கை பனி மாதிரிப் பொடிப்பொடியாத் தெரியும்."

கால் உளைச்சலில் எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது.

கத்தி கையிலிருந்தால் மட்டும் அவர் வாய் திறக்கமாட்டார். ஒருநாள் எனக்குக் கடிதம் வந்தது. "அண்ணை, கேஸ் றிஜெக்ட் ஆகிட்டுது" என்றேன். அவர் நிமிராமல் வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு கத்தியைத் துடைத்து வைத்தார்.

"மூச்சுப் பட்டாலும் வாள் கறள் பிடிக்குமெண்டு அந்தக் கடையிலை வாளைக் கையிலை வைச்சுக்கொண்டு ஒருத்தரும் கதைக்கிறேல்லை. எனக்கும் பழகிப்போச்சு. இப்ப சொல்லும்."

அது கறளே பிடிக்காத மலிவு எவர்சில்வர் கத்தி. முதலாளி இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். அரை மூட்டை வெங்காயம் மிச்சமிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் அந்தக் கத்தியைத் தொடவில்லை.