அவள் நடத்திய வீட்டு ஜெபம்

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலமான லெந்து காலத்தில், திருநின்றவூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எங்களுடையது லுத்தரன் சபை. லெந்து முடியும்வரை வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் இருக்கும்.

எங்கள் சபையிலேயே வளர்ந்த திருநங்கை ஒருத்தி, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். இறையியல் படித்துக் குருவானவராக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குச் சபைக் கமிட்டியின் பரிந்துரை வேண்டும். நானும் இருக்கும் அந்தக் கமிட்டியில் ஒரே சண்டை. கடைசியில் செயலாளர், "ஒரு வீட்டு ஜெபத்த அவ நடத்தட்டும். ஜனங்க வந்தா சிபாரிசு பண்ணலாம். வரலன்னா இந்தப் பேச்ச இதோட உட்டுடணும்" என்றார். யார் வீட்டில் என்று கேட்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எங்க ஊட்ல வைங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை பாய் விரித்து, சுக்குக் காபியும் போட்டாயிற்று. நேரம் கடந்தும் ஒருவரும் வரவில்லை. அவள் வேதாகமத்தை மடியில் வைத்தபடி வாசலையே பார்த்தாள்.

"அண்டா காபியையும் நாமளே குடிக்கணும் போல கீது" என்றார் என் கணவர்.

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் போயிடறேன் அக்கா. என்னால உங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு?"

"உக்காரும்மா. மூணு பேர் கீறோம்ல, ஆரம்பி" என்றேன்.

ஞானப்பாட்டைத் தொடங்கினாள். இரண்டாம் சரணத்தில் வெளியிலிருந்தும் குரல்கள் கேட்டன. எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே சபைக்காரர்கள் நின்றிருந்தார்கள், செயலாளரும்தான். முதல் ஆளாக உள்ளே வர யாருக்கும் துணிவில்லை.

"அண்ணாத்தே, அங்க கொசு புடுங்கும், உள்ள வாங்க" என்று என் கணவர் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. போகவும் இல்லை.

கடைசியில் ஆசீர்வாதம். கைகளை உயர்த்தி ஆசீர்வதிப்பது குருப்பட்டம் பெற்றவருக்கு மட்டுமே உரியது. அவள் அதை மீறவில்லை. கைகூப்பி ஜெபித்தே முடித்தாள். நான் கண் திறந்தபோது வெளியே எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருமண்ணில் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

காபியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஜனங்க வந்தாங்களா வரலயா, இன்னா சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நானே வந்துட்டேனே, இனிமே இன்னாத்த சொல்றது" என்றார் டம்ளரைப் பார்த்தபடி.

கமிட்டி பரிந்துரையை அனுப்பிவிட்டது. மேலிடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. கூப்பிய அவள் கைகள் ஒருநாள் பீடத்தில் எங்களுக்காக உயர வேண்டும் என்றுதான், தினமும் முழங்காலில் நிற்கும்போது முதலில் கேட்கிறேன்.