தில்லைநாதன் ஒளித்த பெட்டி

தில்லைநாதன் பயந்தாங்கொள்ளி. இதை அவனுடைய முகத்துக்கு நேரேயே பல தடவை சொல்லியிருக்கிறேன். பதிவுத் தபால் வந்தால் கையெழுத்துப் போடுமுன் தண்ணீர் குடிப்பான். கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். காக்கி உடுத்தவர் யார் உள்ளே வந்தாலும், அது தபால்காரராக இருந்தாலும், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவான்.

ஆனால் கை கெட்டிக்காரக் கை. நான் ஆனையிறவு உப்பளத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். தன் நாட்டுக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் விட்டுச் சென்ற சஞ்சிகையில் ஒரு படம் இருந்தது. கரையில் நிற்பவர் கையில் ஒரு பெட்டி; பொத்தானை அமத்தினால் தண்ணீரில் ஓடும் சின்னப் பாய்க்கப்பல் திரும்புமாம். அதைத் தில்லைநாதனிடம் காட்டினேன். ஆறு மாதத்தில் அப்படி இரண்டு செய்துவிட்டான். ஒன்று தனக்கு, மற்றது முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருந்த முத்தலிப்புக்கு.

அதோடு எங்கள் கழகம் பிறந்தது. கழகம் என்றால் நாங்கள் மூன்று பேர். இரண்டு பெட்டியும் ஒரே ரேடியோ அலையில் வேலை செய்ததால், ஒருவன் அமத்தினால் இருவர் கப்பலும் திரும்பும். ஆகவே பந்தயம் முறைவைத்துத்தான். ஒருவன் மிதவையைச் சுற்றி வந்த பிறகு மற்றவன் தொடங்குவான். நான் மணிக்கூட்டில் நேரம் பார்ப்பேன்.

1961ஆம் ஆண்டு சித்திரையில், சத்தியாக்கிரகத்தை அடக்க அவசரகாலச் சட்டம் வந்தது. சந்தியில் கதை வேறு மாதிரிப் போனது. செய்தி அனுப்பும் கருவி யாரிடமாவது இருந்தால் கேள்வியில்லாமல் உள்ளே போடுவார்கள் என்றார்கள். தில்லைநாதன் நாலு மாதம் பெட்டியைத் தொடவில்லை. நான்தான் விடவில்லை. "விளையாட்டுச் சாமானுக்கு ஆரடா பிடிக்கப் போறாங்கள்?" என்று பகிடி பண்ணிப் பண்ணி, ஆவணியில் ஒரு ஞாயிறு பந்தயத்துக்கு இழுத்துவிட்டேன். கூட்டிப் போக வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி ஜெகதீஸ்வரி வேலிப் படலை வரை வந்தா.

"அண்ணை, உங்களை நம்பித்தான் விடுறன். இவரைப் பத்திரமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஓம் பிள்ளை, பயப்பிடாதை" என்றேன்.

உப்பளத்துப் பெரிய பாத்தியில் சோழகக் காற்று நன்றாக அடித்தது. தில்லைநாதனின் கப்பல் மிதவையை நெருங்கியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான், பல நாளைக்குப் பிறகு. முத்தலிப் தன் கப்பலையும் கரையோரம் தண்ணீரில் விட்டுத் தயாராக நின்றான். அப்போது பெரிய ரோட்டிலிருந்து ஒரு ஜீப் எங்கள் பக்கம் இறங்கியது.

இவ்வளவு நாளும் நான் பேசிய வீரமெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"ஒளியடா! பெட்டியைச் சாக்குக்குள்ளை போடு!" என்று சொன்னது நான்தான். அவன் ஏரியலை மடக்கி, கப்பல் கொண்டுவந்த சாக்குக்குள் பெட்டியைப் போட்டான். முத்தலிப் மட்டும் அசையவில்லை. அவனுடைய பெட்டி ஆளுயர ஏரியலோடு கரையில் அப்படியே நின்றது.

வந்த இன்ஸ்பெக்டர் தமிழர்தான். அதனால் பயம் குறையவில்லை. ஏரியலைப் பார்த்தார். முத்தலிப் எல்லாவற்றையும் விளக்கினான். இன்ஸ்பெக்டர் தண்ணீரின் நடுவே ஓடிய கப்பலைக் காட்டினார்.

"அது ஆற்றை கப்பல்?"

"என்ரை, ஐயா" என்றான் தில்லைநாதன்.

"அதுக்கும் இப்பிடிப் பெட்டி இருக்கோ?"

"இல்லை ஐயா. அது சும்மா காத்திலை ஓடுது."

"நீங்களே அமத்திப் பாருங்கோ சேர்" என்று முத்தலிப் பெட்டியை நீட்டினான். ஒரே அலை என்பது அந்தக் கணம்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் இன்ஸ்பெக்டர் அமத்தினார். கரையோரக் கப்பல் திரும்பியது. நடுவில் ஓடிய கப்பலும் திரும்பியது. அவர் மறுபடி அமத்தினார். இரண்டும் மறுபடி திரும்பின.

கூட வந்த பொலிஸ்காரர்கள் சாக்கை உதறியதும் பெட்டி விழுந்தது.

"விளையாட்டுச் சாமான் எண்டால் ஏன் ஒளிச்சனீர்?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆர் ஒளிக்கச் சொன்னது?"

தில்லைநாதன் என்னை ஒருமுறை பார்த்தான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. நானாத்தான் ஒளிச்சனான்."

ஒன்றையும் ஒளிக்காத முத்தலிப்பை விட்டுவிட்டு அவனை மட்டும் ஏற்றினார்கள். ஜீப் பரந்தன் பக்கம் போய் மறைந்தது. அன்று ஜெகதீஸ்வரியிடம் போய்ச் சொன்னது முத்தலிப். எனக்கு அந்தப் படலையடிக்குப் போகத் துணிவு வரவில்லை. மூன்று இரவு, வீட்டு நாய் குரைக்கும்போதெல்லாம் என்னைத் தேடி வந்துவிட்டார்கள் என்று எழும்பி உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் அவனை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுக் கடைக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தான். வாசலில் தயங்கி நின்ற என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அண்ணை. ஆர் சொன்னதெண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவை. உங்கடை பேரை நான் வாயிலையே எடுக்கேல்லை. நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. அதை அவன் என் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தான்.