அடுப்படியில் ஒரு ரோமாபுரி

ஆனந்தவள்ளி தோசையைத் திருப்பிப் போட்டதும் கரண்டியை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறார். மறுபக்கம் வேகும் நேரத்தில் இரண்டு வரிக் கவிதை முடிந்துவிடும். முதல் வரி நலம் விசாரிக்கும். இரண்டாவது வரி கடிக்கும். தோசை தீய்ந்துபோனால் கவிதை நன்றாக வந்திருக்கிறது என்று பொருள்.

கல்லூரியில் ஆங்கிலம் படித்த நாளில் பழைய ரோமாபுரிக் கவிதைகளின் மொழிபெயர்ப்பு ஒன்று அவர் கையில் சிக்கியது. அந்தக் கவிஞர்கள் விருந்துக்குக் கூப்பிட்டவனையும் வைதார்கள், கூப்பிடாதவனையும் வைதார்கள். ஆளுக்குப் பொய்ப்பெயர் சூட்டித் தப்பித்தும் கொண்டார்கள். "ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே அங்கனயும் ஓசிச் சாப்பாட்டுக்காரன் இருந்திருக்கான், பாத்துக்கிடுங்க" என்கிறார், தூரத்துச் சொந்தத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியோடு.

அவருக்குச் சரக்குப் பஞ்சமில்லை. வீடு குத்துக்கல்வலசையில். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால், அதுவரை போன் செய்யாத உறவெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கும். அவர்கள் ஐந்தருவிக்குப் போவார்கள். இவர் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிவார். அரை மணிப் பயணத்தில் அருவி. கல்யாணமாகி வந்தபின் சீசனில் ஒருமுறைகூட இவர் தலை அங்கே நனைந்ததில்லை. இந்த ஆண்டு எப்படியும் நனைத்துவிடுவது என்றிருக்கிறார். வாய்விட்டுக் கேட்க மனமில்லை. கவிதையால் உறைக்கவைக்கத் திட்டம்.

வருகிற கூட்டத்துக்குத் தலைமை ஆலங்குளத்துச் சங்கிலிப்பாண்டி. கணவர் பிச்சைமணியின் அக்காள் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஏட்டு. கவிதையில் அவர் பெயர் துரூசஸ். போன வாரம் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது இது:

சாரல் விழுந்தால் என் நினைவு வருகிறது, துரூசஸ்.
சித்திரையில் நான் செத்தால் உனக்கு யார் சொல்வது?

கைதட்டும் படத்தை முதலில் அனுப்பியவர் சங்கிலிப்பாண்டி. மறுநாள் வேனோடு வந்துவிட்டார்.

இன்று காலை அருவியிலிருந்து திரும்பி, ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, தோசைக்கு உட்கார்ந்த இடத்தில், குழுவில் வந்திருந்த புதிய கவிதையை உரக்க வாசித்தார்:

அருவியில் குளித்தது நீ, துரூசஸ்.
அடுப்படியில் நனைந்தது நான்.

"யாரைச் சொல்லுதா, தெரியுதா மாப்ளே? நம்ம சித்தப்பா மவன் பரமேஸ்வரன்லா! வருசா வருசம் வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிடுதான், வெக்கங்கெட்ட பய."

பிச்சைமணி சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் ஒரு தட்டோடு அங்கே இருந்தேன். துரூசஸ் யாரென்று சொல்வதற்குப் பதில் தோசையை வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கும் அந்தக் கவிதைகளில் ஒரு ரோமாபுரிப் பெயர் இருக்கக்கூடும்.

"ஏம் தங்கச்சி, இதெல்லாம் அவனுக்கு உறைக்கும்னா நினைக்கே? இன்னும் நாக்கைப் புடுங்குத மாதிரி எழுதணும். சரி, இன்னொண்ணு போடு, முறுகலா." சங்கிலிப்பாண்டி தட்டை நீட்டினார்.

ஆனந்தவள்ளி கல்லில் மாவை ஊற்றினார். நீட்டிய தட்டில் கரண்டியை வைத்தார்.

"வெந்ததும் திருப்பிப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி."

முற்றத்துக்குப் போய், கொடியில் கிடந்த சங்கிலிப்பாண்டியின் ஈரத் துண்டை ஒருமுறை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார்.