மாவுப் பெட்டியில் ஆமை

டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல்வீட்டிலிருந்த பஞ்சாபி ஆன்ட்டி, மாற்றலாகிப் போகும்போது என் கையில் ஓர் ஆமைக்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு ஆமை என்றால் அதிர்ஷ்டம். எங்கள் அம்மாவுக்கோ ஆமை வீட்டுக்குள் வருவதே ஆகாது. அரசாங்க அலுவலகத்தில் பல சண்டைகளைத் தீர்த்துவைத்த அனுபவத்தில், பால்கனி வீட்டுக் கணக்கில் சேராது என்று அப்பா அறிவித்தார். ஆமை அங்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் குடியேறியது.

டிசம்பரில் அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. குளிர்காலம் முழுக்கத் தூங்கும், ஹோலிக்கு எழுந்துவிடும் என்றார் அப்பா. ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் அழுத அழுகையில், ஒரு சனிக்கிழமை அதை டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு அப்பாவும் நானும் மிருக டாக்டரிடம் பஸ் ஏறினோம்.

இது தூக்கமே இல்லை என்றார் டாக்டர். எங்கள் பால்கனி, ஆமை நிம்மதியாகத் தூங்குகிற குளிரும் இல்லை, விழித்துச் சாப்பிடுகிற சூடும் இல்லை, ரெண்டுங்கெட்டான். இவ்வளவு சின்னதைத் தூங்கவே விடக் கூடாது, தண்ணீர் இருபத்தைந்து டிகிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்காது என்றார்.

டெல்லிக் குளிரில் எங்கள் வீட்டில் அந்தச் சூடு இருந்த இடம் ஒன்றே ஒன்று. இட்லி மாவு பொங்குவதற்காக அம்மா அறுபது வாட் பல்பு மாட்டி வைத்திருந்த ஆப்பிள் பெட்டி. அது இல்லாவிட்டால் மாவு மூன்று நாளானாலும் அசையாது. காலையில் இட்லி இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பொழுதே விடியாது.

"அம்மாகிட்ட நீயே கேளும்மா" என்று அப்பா வீரமாக ஒதுங்கிக்கொண்டார்.

கேட்டேன்.

"என் மாவுப் பொட்டில ஆமையா? அச்சா, நன்னாருக்கே! அது உள்ள வந்தா நான் வெளில போறேன்" என்றாள் அம்மா.

ஆமை செத்துப்போய்விடும் என்று தேம்பித் தேம்பி அழுது, சாப்பிடாமலே தூங்கிப்போனேன்.

காலையில் பெட்டி கூடத்துக்கு வந்திருந்தது. பல்புக்குக் கீழே தொட்டியில் ஆமை. அப்பா காய்ச்சல் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுவிட்டு, "டெம்பரேச்சரே இல்லையே" என்று விழித்துக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்கோ" என்று அம்மா முழங்கையை நனைத்துப் பார்த்தாள். "கைக்குழந்தைக்கு விளாவறதைவிடக் கொஞ்சம் ஆறினாப்ல இருந்தாப் போறும்."

ஆமையை அவள் கடைசிவரை தொடவில்லை. தண்ணீரை மட்டும் தினம் நாலு தடவை தொட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் அது தலையை நீட்டி ஒரு கீரை இலையைக் கவ்வியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

பெட்டி திரும்பச் சமையலறைக்குப் போகவில்லை. மார்ச் வரைக்கும் காலையில் பிரெட்டும் உப்புமாவும்தான். ஏம்மா இட்லியே இல்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"தினம் அதையே தின்னு அலுத்துப்போச்சுடி" என்றாள்.

அம்மாவுக்கு இட்லி அலுத்துப்போன சமயமாகப் பார்த்து ஆமைக்கு உடம்புக்கு வந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.