எந்த ரோடு என்று அண்ணன் கேட்டார்

முதலில் என் கணவருக்குச் சாப்பாடு கசந்தது. பிறகு குளிர் நடுக்கம். மலையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், பனிக்கு நடுங்குகிறார் என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இருமலும் சேர்ந்தது. இலங்கையின் தேயிலை மலை ஊரான ஹட்டனில் எங்களுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. அதைத் திறக்கக்கூட அவருக்குத் தெம்பில்லாமல் போனது. நெஞ்சுப் படத்தில் நிழல் விழுந்திருந்ததால் காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்று) என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து தொடங்கினார்கள். சளியில் அந்தக் கிருமி கிடைக்கவில்லை. காய்ச்சலும் இறங்கவில்லை. அவர் சீனி வியாதிக்காரர் வேறு. ஸ்கேன் எடுத்தபோது ஈரலிலும் சீழ்க்கட்டிகள் இருந்தன.

ஆண்கள் வார்டில் நான் இரவில் தங்க முடியாது. என் அண்ணன்தான் கூட இருந்தார். தமிழரை அடித்த கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வடக்கே கிளிநொச்சியில் போய்க் குடியேறியவர் அவர். யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒரே மகனைத் தொலைத்துவிட்டு மலைக்கே, மஸ்கெலியாவுக்குத் திரும்பினார். மாப்ள, மாப்ள என்று என் கணவருக்குக் கஞ்சி ஊட்டுவார், வேர்வை துடைப்பார், உடுப்பு மாற்றுவார்.

அந்த அண்ணனிடம் நாங்கள் ஒன்றை மறைத்திருந்தோம். என் கணவர் இராணுவத்தில் பொறியியல் அதிகாரியாக இருந்தவர். யுத்தம் நடந்தபோது, அண்ணன் குடியேறிய அதே வன்னிப் பக்கத்தில் படைக்கு ரோடு போட்டவர். மலையகத் தமிழர் ஒருவர் அந்தச் சீருடையில் இருந்ததை யாரிடம் போய்ச் சொல்வது? தென்பகுதியில் அரசாங்க ரோட்டு வேலை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தோம்.

ஒரு காலையில் நான் பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் வந்தார். ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பெண்.

"ஐயா எப்பவாவது சேத்துல, தேங்கின தண்ணியில நின்னு வேலை செஞ்சிருக்கீங்களா? இங்க மலையில இல்ல, கீழ வெக்கையான பக்கத்துல?"

"கடைதான் டாக்டர் வச்சிருக்கேன்" என்றார் கணவர். மூச்சு வாங்கியது. சொல்லாதே என்று என்னைப் பார்த்தார்.

அண்ணன் கஞ்சிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ரகசியத்தைக் காப்பாற்றி மனுஷனைப் புதைக்கவா?

"இவரு ஆர்மியில என்ஜினியரா இருந்தவரு டாக்டர். வன்னியில, அடமழையில, மாசக்கணக்கா சேத்துலயே நின்னு ரோடு போட்டாரு. கால் பூரா புண்ணோடதான் லீவுல வருவாரு."

டாக்டர் அன்றே மருந்தை மாற்றினார். இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்ததில் நோயின் பெயர் தெரிந்தது: மெலியோய்டோசிஸ் (வெப்பமான பகுதிகளின் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வருவது). அங்கேதான் தொற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். சிலருடைய உடம்பில் அது வருஷக்கணக்காகத் தூங்கிக் கிடந்து எழும்புமாம்.

அந்தக் காலையில் டாக்டர் நகர்ந்ததும் அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்த ரோடு மாப்ள?"

"காட்டுக்குள்ளால கடல் பக்கம் போற ரோடு மச்சான்."

அண்ணன் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "அந்த ரோட்டுலதான் ஆர்மிக்காரங்க எங்களைப் பஸ்ஸுல ஏத்தி முகாமுக்குக் கொண்டுவந்தாங்க" என்றார். "என் மவனைக் கடைசியாப் பாத்ததும் அங்கதான்."

அன்றும் அவர்தான் உடம்பு துடைத்துவிட்டார். மாப்ள என்று மட்டும் கூப்பிடவில்லை.

இதே நோயோடு கிடப்பவர்களின் வீட்டாருக்குச் சொல்கிறேன். டாக்டர் பழைய வேலையைப் பற்றிக் கேட்டால், பக்கத்தில் யார் நின்றாலும் சொல்லிவிடுங்கள். உயிர் மிஞ்சும். மற்றது மிஞ்சும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வீட்டுக்கு விட்ட நாளில் அண்ணன் பைகளை வேனில் ஏற்றிவிட்டு என்னைத் தனியே அழைத்தார்.

"மறுபடி வருமா?"

"வரலாம்னு சொல்றாங்கண்ணே. மாத்திரையை விடக்கூடாதாம்."

"வந்தா சொல்லு தங்கச்சி. நான் வந்து பாத்துக்கிறேன். சும்மா கூப்பிடாத."

கணவர் இப்போது கடைக்குப் போகிறார். உடம்பு தேறிவிட்டது என்கிறார்கள். எனக்கு அது தூங்குகிற உடம்பாகவே தெரிகிறது. தினமும் அவர் கழுத்தில் கை வைத்துப் பார்க்கிறேன். சூடில்லை என்றால் அன்றும் அண்ணன் வரமாட்டார்.