மதீனா சொல்லாத பெயர்

“உங்கள் மாமனாரின் பெயர் என்ன?”

விசாரணை அதிகாரி கேட்ட முதல் கேள்வி அதுதான். மதீனா பதில் சொல்லவில்லை. ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தடவையும் கேட்டார். மதீனா மேசையைப் பார்த்தபடி இருந்தார். அதிகாரி தன் முன்னாலிருந்த வாக்குமூலத்தைப் புரட்டினார்.

“இதில் பதினொரு இடத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. ஒன்பது வருடம் அவர் வீட்டில் வாழ்ந்ததாகச் சொல்கிறீர்கள். பெயர் தெரியாதா?”

பதினொரு இடத்திலும் அந்தப் பெயரை எழுதியவன் நான்.

1

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். கனடாவின் மொன்றியலுக்கு வந்தபின், அங்கே வில்லரே பகுதியில் ஓர் அகதி வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வாக்குமூலங்கள் தயாரிக்கிறேன். வழக்கறிஞர் சர்மிளா, யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர்.

மதீனா செச்சென் பெண். ரஷ்யாவின் செச்சினியாவில் நடந்த போரின்போது சிறுமியாக எல்லை மலையைக் கடந்து ஜார்ஜியாவின் பாங்கிசிப் பள்ளத்தாக்குக்கு வந்தவர். அங்கே தலைமுறைகளாக வாழும் ஒரு செச்சென் குடும்பத்தில் திருமணம். ஒருநாள் மாமனார் வீட்டு வாசலில் வைத்து ஆயுதம் தாங்கிய ஆட்கள் கணவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. பிறகு மதீனாவையும் தேடி வந்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து, செயின்ட்-மிஷேல் பகுதியில் இருக்கும் கணவனின் அண்ணன் வீட்டில் தங்கினார். அந்த அண்ணன் லொறி ஓட்டுகிறவர். பாங்கிசியில் மதீனா மாமனார் வீட்டில்தான் வாழ்ந்தார் என்பதை விசாரணையில் நம்பவைக்காவிட்டால் தாயையும் பிள்ளைகளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு மதீனாவிடம் பேசினேன். மாமனாரைத் ‘தாடிக்காரர்’ என்றார். கணவனின் அண்ணனை ‘உயரமானவர்’ என்றார். நான் பத்திரிகையில் பழகியவன். பட்டப்பெயரைக் கண்டால் கை தானாக வெட்டும். ஆவணங்களைப் பார்த்து முழுப்பெயர்களைப் போட்டேன். வாசித்துக் காட்டியபோது மதீனா தலையாட்டினார். அவர் வாயால் ஒரு பெயரும் வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

2

பத்து நிமிட இடைவேளை கிடைத்தது. விசாரணை அறைக்குள் துணைக்கு உட்கார்ந்திருந்த கணவனின் அண்ணன், வெளித் தாழ்வாரத்தில் உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினார். “எங்கள் பெண்கள் புகுந்த வீட்டு ஆண்களின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அது மரியாதை. அதுவும் நான் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன், எப்படிச் சொல்வாள்?”

சர்மிளா என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, இது உங்களுக்கு விளங்கேல்லையோ?”

“இல்லை.”

“எங்கட அம்மா அப்பாவை என்னெண்டு கூப்பிடுறவ? ‘இஞ்சேருங்கோ’ எண்டுதான். பாஸ்போர்ட் ஒஃபிசிலை அப்பாவின்ர பேர் கேட்டால் என்ர மூஞ்சையைப் பார்ப்பா. உங்கட அம்மா?”

“அவவும் அப்பிடித்தான்.”

“பேந்தென்ன? இவையள் செய்தால் மட்டும் புதினமோ?”



3

சர்மிளா அதிகாரியிடம் வழக்கத்தை விளக்கி, பெயரை எழுதிக் காட்ட அனுமதி கேட்டார்.

“கேள்வி எளிதானது. வாயால் பதில் சொல்லட்டும்” என்றார் அதிகாரி.

அப்போது கணவனின் அண்ணன் எழுந்தார். மதீனாவைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். மதீனா பெயரைச் சொன்னார். சொன்ன பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தீர்ப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: அறையிலிருந்த ஓர் ஆண் சைகை காட்டிய பின்னரே விண்ணப்பதாரர் பதிலளித்தார். இன்றைக்கும் அந்த வரியை வாசித்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மனிதர் வெளியே போனது ஒரு பெண்ணை அவமானத்திலிருந்து காப்பாற்ற. அதிகாரி அதைச் சதியாக எழுதினார். ‘ஏன் சொல்ல மாட்டீர்கள்?’ என்று மதீனாவிடம் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு முன்பே அதைக் கேட்காமல் விட்டவன் நான். அதனால் அவரை மட்டும் திட்டிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

“நீங்கள் குறிப்பெடுத்த கொப்பி இருக்கோ, எறிஞ்சுபோட்டீங்களோ?” என்று சர்மிளா கேட்டார்.

“இருக்கு.”

“அது ஒண்டைத்தான் ஒழுங்காச் செய்திருக்கிறீங்கள்.”

பெயர்களைப் போட்டவன் நான், மதீனா சொன்ன சொற்கள் இவை என்று சத்தியக் கடதாசி எழுதி, கொப்பியின் பிரதியோடு மேல்முறையீட்டில் சேர்த்தோம். மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. வேறொரு அதிகாரி. இம்முறை வாக்குமூலத்தில் ‘தாடிக்காரர்’ என்றே இருந்தது. ஏன் என்று அந்த அதிகாரி கேட்டார். மதீனா விளக்கினார். கோரிக்கை ஏற்கப்பட்டது.

வெளியே வந்ததும் நான் கை கூப்பினேன். மதீனா சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒன்று மட்டும் கேட்டார்: “நான் சொன்னதை அப்படியே எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்?”

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள். விசித்திரமாகப் பட்டால் அந்த இடத்திலேயே பேனாவை வைத்துவிட்டு ஏன் என்று கேளுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் இரண்டு நிமிடம் போயிருக்கும். கேட்காததால் மதீனா பதினான்கு மாதம், எந்த நாளில் பிள்ளைகளோடு விமானத்தில் ஏற்றுவார்கள் என்று தெரியாமல் செயின்ட்-மிஷேலில் காத்திருந்தார்.